உடம்பு சரியாகி திரும்ப டியூட்டிக்கு போறீங்களா? சேலம் ஆஸ்பத்திரி ஸ்டாஃபுக்கு ஒரு வழிகாட்டி

பிட்னஸ் சர்டிபிகேட் கைக்கு வந்துருச்சுன்னா ஆளு ரெடினு ஆஸ்பத்திரி நெனச்சுக்கும், நாமளும் அப்படியே நெனச்சுக்குவோம். அந்த பேப்பர்ல இருக்குறது என்னன்னு பாத்தா சளி டெஸ்ட் நெகட்டிவ், பிளேட்லெட் நார்மல், தையல் ஆறிருச்சு, அவ்வளவுதான். நைட் டியூட்டில மூணு மணிக்கு மானிட்டர் அலாரம் அடிச்சா நெஞ்சு படபடக்குமா, பேஷன்ட்டோட அட்டெண்டர் சத்தம் போட்டா கண்ணுல தண்ணி வந்துருமா, ஊசி லோட் பண்றப்ப டோஸ் மேல சந்தேகம் வந்து கை நிக்குமா, இதெல்லாம் எழுத அந்த பேப்பர்ல எடமே கிடையாது.

பெரிய கம்பெனிகள்ல திரும்ப வர்றவங்கள பாத்துக்கனே தனி டாக்டர், தனி ஆள் இருப்பாங்க. நம்ம ஊர் நர்சிங் ஹோம்லயோ அரசு ஆஸ்பத்திரியிலயோ அப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல, எச்.ஆர்ல லீவு கழிப்பாங்க, நர்சிங் சூப்பிரண்ட் மேடம் ரோஸ்டர்ல, அதாவது டியூட்டி லிஸ்ட்ல, பேர் போடுவாங்க, முடிஞ்சுது. அதனால அந்த ஏற்பாட்ட நீங்களேதான் பண்ணிக்கணும், அதுவும் உள்ள கால வைக்கிறதுக்கு முன்னாடியே பண்ணிக்கணும். முதல் தடவையா நீண்ட லீவு முடிஞ்சு போறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நர்ஸ், லேப் டெக்னீசியன், வி.எச்.என் (கிராம சுகாதார நர்ஸ்), 108 ஸ்டாஃப், வார்டு பாய், ஹவுஸ்கீப்பிங் அக்கா, யாரா இருந்தாலும் பொருந்தும்.

வீட்ல இருக்குறப்பவே பாக்க வேண்டியது

மனசு சரியில்லனு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரத்தத்த ஒரு தடவ பாத்துருங்க. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12. தைராய்டு கம்மியா இருந்தா அச்சு அசல் டிப்ரஷன் மாதிரியேதான் இருக்கும், சோர்வு, மறதி, எதுலயும் பிடிப்பு இல்லாம, எடையும் ஏறிக்கிட்டு. பேஷன்ட்டுக்குன்னா உடனே எழுதிக் குடுக்குற டெஸ்ட்ட நமக்குனு வர்றப்ப பாக்கவே மாட்டோம்.

அடுத்தது நீங்க சாப்புடுற மாத்திரை. ஸ்டீராய்டு போடுறப்ப தூக்கம் வராது, படபடப்பா இருக்கும், டோஸ் கொறச்சுட்டு வர்றப்ப மனசு டபக்குனு கீழ விழும். டிபிக்கு ஆறு மாசம் மருந்து எடுக்குறவங்க முக்கியமா கவனிங்க, ஐசோனியசிட் சில பேருக்கு தூக்கத்தையும் மனநிலையையும் கெடுக்கும், ரிஃபாம்பிசின் வந்து நிறைய மனநல மருந்துகளோட அளவ ரத்தத்துல கொறச்சுரும். அதனால சைக்யாட்ரிஸ்ட்கிட்ட போனா டிபி மருந்து ஓடுதுனு முதல் வார்த்தையா சொல்லணும், டிபி டாக்டர்கிட்ட மனநல மாத்திரை ஓடுதுனு சொல்லணும். மருந்துக்கு கட்டுப்படாத டிபிக்கு குடுக்குற சைக்ளோசெரின்ல டிப்ரஷன், சில பேருக்கு கொழப்பமான பேச்சு, காதுல குரல் கேக்குறது வரைக்கும் வரும், லினசோலிட் ஓடுறப்ப டிப்ரஷன் மாத்திரை சேந்தா ஆபத்து உண்டு. இது தெரியாம "எனக்கு பைத்தியம் புடிச்சுருச்சு"னு பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லாம இருந்தவங்க உண்டு. மருந்தோட வேலைங்க அது, டாக்டர்கிட்ட சொன்னா மாத்துவாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, டிபி மருந்த பாதில விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அப்பறம் டிப்ரஷன் இருக்கானு பாக்குற பி.எச்.க்யூ-9னு ஒரு கேள்வித்தாள், ஒம்பது கேள்வி, மொத்தம் 27 மார்க், தமிழ்லயும் இருக்கு. 10ம் அதுக்கு மேலயும் வந்தா டாக்டர பாக்கணும்பாங்க. ஆனா ஒரு விஷயம் இருக்கு, டெங்கு, மஞ்சக்காமாலை, ஆபரேஷன் முடிஞ்ச ஒடம்புக்கு சோர்வு, தூக்கம், பசி இந்த மூணு கேள்விக்கும் எப்படியும் மார்க் ஏறத்தான் செய்யும். அதனால முதல் ரெண்டு கேள்விய தனியா பாருங்க, எதுலயும் ஆர்வம் இல்லாம இருக்கா, மனசு சோர்ந்து நம்பிக்கை இல்லாம இருக்கா. அந்த ரெண்டுல மட்டுமே 3ம் அதுக்கு மேலயும் வந்துச்சுன்னா அத உடம்பு சோர்வுனு தள்ளி வைக்காதீங்க. நான் எப்படி பிரிச்சு பாப்பேன்னா, செய்யணும்னு ஆசை இருந்து ஒடம்பு ஒத்துழைக்கலன்னா அது சோர்வு, ஒடம்பு முடியும் ஆனா பேத்தி வந்து மடில உக்காந்தாக்கூட சந்தோசம் வரலன்னா அது வேற. ஒம்பதாவது கேள்வி, செத்துப்போயிட்டா தேவலைனு தோணுதாங்கறது, அதுக்கு பூஜ்யத்த தவிர என்ன வந்தாலும் மொத்த மார்க்க பாக்காதீங்க, அன்னைக்கே யார்கிட்டயாவது பேசுங்க. நம்பர் கீழ குடுத்துருக்கேன்.

டியூட்டிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒடம்ப டியூட்டி டைமுக்கு கொண்டு வரணும். காலைல ஏழரை மணி ஹேண்ட் ஓவர்னா (ஷிஃப்ட் மாறுறப்ப பேஷன்ட்ட ஒப்படைக்கிறது) ஆறு மணிக்கு எந்திரிச்சு குளிச்சு டிபன் சாப்ட்டு ரெடியாகி, கன்னங்குறிச்சி பக்கம் இருந்தா மூக்கனேரி கரைல ஒரு ரவுண்டு, டவுனுக்குள்ளன்னா அண்ணா பூங்கா. முதல் நாளே வேகமா நடந்து தள்ளிட்டு மறுநாள் பூரா படுத்துக் கெடக்குற வேலை வேண்டாம், நடந்த மறுநாள் ஒடம்பு எப்படி இருக்குனு பாத்துட்டு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. வார்டுல நாள் பூரா நிக்கணும், அதுக்கு இதுதான் ஒத்திகை.

பேப்பர் வேலை

இத சுருக்கமா சொல்லிடுறேன், ஆனா தள்ளிப் போடாதீங்க, பாதி மன உளைச்சல் இதனாலதான் வருது.

தனியார் ஆஸ்பத்திரில இ.எஸ்.ஐ (தொழிலாளர் காப்பீடு) புடிக்கிறாங்கன்னா, இப்போதைக்கு மாச சம்பளம் 21,000 வரைக்கும் இருக்குறவங்களுக்கு புடிப்பாங்க, சிக்னஸ் பெனிஃபிட்டா வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கெடைக்கும். டிபி, கேன்சர், சில மனநல நோய்கள்னு ஒரு லிஸ்ட் இருக்கு, மொத்தம் 34 நோய், அதுல வந்தா 80 சதவீதம், ரெண்டு வருசம் வரைக்கும் நீட்டிக்கலாம். தகுதிக்கு சர்வீஸ் கணக்கும் சந்தா கணக்கும் பாப்பாங்க, இ.எஸ்.ஐ டிஸ்பென்சரில கேளுங்க. நிறைய பேருக்கு இது தெரியாம காசுக்காக பாதி குணமானதோட வந்து நிக்கிறாங்க. டிஸ்பென்சரி டாக்டர் குடுக்குற சர்டிபிகேட்டுதான் இதுக்கு கணக்கு, வெளி டாக்டர் சீட்ட மட்டும் நீட்டுனா அலைய விடுவாங்க.

அரசு வேலைன்னா மெடிக்கல் லீவு முடிஞ்சு சேர்றப்ப பிட்னஸ் கண்டிப்பா வேணும், லீவு நீளமா போயிருந்தா மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. போர்டு டேட் வர்ற வரைக்கும் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல தொங்கிட்டு இருக்குற அந்த நாட்கள்லதான் மனசு ரொம்ப கெடும், அதனால லெட்டர சீக்கிரமே போடுங்க. நோயால நிரந்தரமா ஏதாவது ஊனம் வந்துருச்சுன்னா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 20வது பிரிவ படிச்சுக்கங்க, சர்வீஸ்ல இருக்குறப்ப ஊனமானவங்கள அரசு நிறுவனம் வேலைய விட்டு அனுப்பவோ பதவிய கொறக்கவோ முடியாது, அந்த வேலை ஒத்துவரலன்னா அதே சம்பளத்துல வேற எடத்துக்கு மாத்தணும்.

தொகுப்பூதியத்துல இருக்குற நர்சுங்க, அவுட்சோர்சிங்ல இருக்குற ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆளுங்க நெலமை வேற. இவங்களுக்கு லீவுனாலே சம்பளம் இல்லாத நாள்தான். "மெதுவா திரும்ப வாங்க"னு அவங்ககிட்ட சொல்றது வயித்துல அடிக்கிற மாதிரி. ஒண்ணே ஒண்ணு சொல்லலாம், காண்ட்ராக்டர் இ.எஸ்.ஐ நம்பர் குடுத்துருக்காரா பாருங்க, சம்பளத்துல புடிச்சுட்டு நம்பர் குடுக்காம இருக்குறவங்க இருக்காங்க, கேட்டு வாங்குங்க.

யார்கிட்ட எவ்வளவு சொல்றது

நாம வேலை பாக்குற ஆஸ்பத்திரிலயே அட்மிட் ஆகி இருந்தோம்னா இது பெரிய தலைவலி. கேஸ் ஷீட்ட நாலு பேர் பாத்துருப்பாங்க, கேத்தீட்டர் போட்டுவிட்டது நம்ம ஜூனியரா இருக்கும், அந்த பொண்ணு மூஞ்சிய பாத்து மறுபடி வேலை சொல்லணும். கூச்சம் இருக்கத்தான் செய்யும். பாதி பேர் தாங்களே வந்து "அக்கா, அன்னைக்கு பயந்தே போயிட்டோம்"னு சொல்லிட்டா அதோட கலைஞ்சுரும், சொல்லலன்னா நீங்களே ஒரு டீ நேரத்துல "அன்னைக்கு நீ நல்லா பாத்துக்கிட்ட கண்ணு"னு சொல்லிருங்க.

சூப்பிரண்டுக்கும் வார்டு இன்சார்ஜுக்கும் தெரிய வேண்டியது உங்களால என்ன முடியும், என்ன முடியாது, எவ்வளவு நாளைக்கு. நோய் பேரு, என்ன மாத்திரை, கவுன்சிலிங் போறீங்களாங்கறது அவங்களுக்கு தேவையில்ல. மனநல சிகிச்சை பத்தின விவரத்த ரகசியமா வெச்சுக்குற உரிமை 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, 23வது பிரிவு. நல்ல இன்சார்ஜ் அக்காவா இருந்து நீங்களா சொல்லணும்னு தோணுனா சொல்லுங்க, அது வேற.

மத்தவங்களுக்கு ஒரு ரெடிமேட் பதில் வேணும். முதல் நாள் லிஃப்ட்மேன்ல ஆரம்பிச்சு கேன்டீன் அண்ணன் வரைக்கும் "இப்போ பரவால்லையா? என்னாச்சு? எளச்சுப் போயிட்டியே"னு கேப்பாங்க. பாசத்துலதான் கேக்குறாங்க, ஆனா ஒவ்வொருத்தருக்கும் முழுக் கதைய சொன்னா மதியத்துக்குள்ள காலி ஆயிருவீங்க. "பரவால்லைங்க, மெதுவா பழகிக்கிறேன், நீங்க எப்படி இருக்கீங்க?" அவ்வளவு போதும், கேள்விய அவங்க பக்கம் திருப்பி விட்டுட்டா ஜனங்க அவங்க கதைய சொல்ல ஆரம்பிச்சுருவாங்க.

"நீ இல்லாதப்ப நாங்கதான் டபுள் டியூட்டி பாத்தோம்" இந்த டயலாக்கும் கண்டிப்பா வரும், சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க, ஆனா குத்தும். அதுக்கு பதிலா எல்லாரோட நைட்டையும் இழுத்துப்போட்டு பாக்க ஆரம்பிச்சுராதீங்க. ஆள் போடாதது நிர்வாகத்தோட பிரச்சனை, நீங்க கட்ட வேண்டிய கடன் எதுவும் அதுல கெடையாது. "ஆமாக்கா, கஷ்டப்பட்டீங்க, தெரியும்"னு ஒரு வார்த்த, அதோட விட்ருங்க.

லெட்டர்

வாய்ல சொன்னது ரோஸ்டர் போடுறப்ப ஞாபகம் இருக்காது. ஒரு பக்கத்துக்குள்ள எழுதிக் குடுங்க, இப்படி:

"மதிப்பிற்குரிய நர்சிங் சூப்பிரண்ட் அவர்களுக்கு, உடல்நலக் குறைவால் மருத்துவ விடுப்பில் இருந்த நான் வரும் திங்கட்கிழமை பணியில் சேர உள்ளேன். டாக்டரின் ஆலோசனைப்படி முதல் நான்கு வாரங்களுக்கு இரவுப் பணியும் தொடர் இரட்டைப் பணியும் தவிர்க்கவும், முதல் இரண்டு வாரங்களுக்கு இன்னொரு ஸ்டாஃபுடன் சேர்ந்து பணி தரவும் கேட்டுக்கொள்கிறேன். நான்கு வாரம் முடிந்ததும் தங்களைச் சந்தித்து அடுத்த மாத ரோஸ்டர் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன். டாக்டர் சீட்டு இணைத்துள்ளேன்."

டாக்டர் சீட்டுல "லைட் டியூட்டி"னு மட்டும் எழுத விடாதீங்க, லைட் டியூட்டினா ஒவ்வொரு இன்சார்ஜுக்கும் ஒவ்வொரு அர்த்தம், ஒருத்தர் ஓ.பில போடுவாங்க, இன்னொருத்தர் ஐ.சி.யூல போட்டுட்டு "ரெண்டு பேஷன்ட்டுதானே"ம்பாங்க. நைட் வேண்டாம், வெயிட் தூக்க வேண்டாம், இத்தன மணி நேரத்துக்கு மேல வேண்டாம்னு தெளிவா எழுதச் சொல்லுங்க. தேதியும் இருக்கணும், முடிவு தேதி இல்லாத சலுகைன்னா கூட வேலை பாக்குறவங்க முகம் மாறும்.

முடிஞ்சா சேர்ற தேதியையும் யோசிச்சு வைங்க. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் திருவிழா சமயம் பாதி ஸ்டாஃப் லீவு கேப்பாங்க, அந்த வாரம் சேந்தா உங்களுக்குனு போட்ட ஏற்பாடு எல்லாம் காத்துல போயிரும். ஒரு வாரம் முன்னாடியோ பின்னாடியோ தள்ளுங்க.

முதல் நாள், முதல் வாரம்

சேர்ற நாளுக்கு முன்னாடியே ஒரு தடவ சிவில் டிரஸ்ல போயிட்டு வாங்க. வார்டுல நின்னு ரெண்டு பேர்கிட்ட பேசி, கேன்டீன்ல தட்டுவடை செட்டோ டீயோ சாப்ட்டுட்டு வந்துருங்க. ஸ்பிரிட், பினாயில் வாசம், மானிட்டர் சத்தம், லிஃப்ட் கதவு, இதெல்லாம் நோயாளியா படுத்துருந்தப்ப கேட்ட சத்தம், ஒடம்புக்கு அது ஞாபகம் இருக்கும். நீங்க படுத்துருந்த அதே பெட்டு இருக்குற க்யூபிக்கிள்ல முதல் வாரமே டியூட்டி வேண்டாம்னு கேக்குறதுல தப்பே இல்ல.

கூட ஒருத்தர் வேணும், கண்டிப்பா. பிரண்டா இருக்கணும்னு இல்ல, ஷிஃப்ட் ஒண்ணா இருக்கணும், வாய் கட்டுப்பாடு இருக்கணும். அவங்ககிட்ட முன்னாடியே பேசி வைங்க, "சிஸ்டர், நான் ரெண்டு நிமிசம்னு சொன்னா என் பெட்ட பாத்துக்கங்க, காரணம் கேக்காதீங்க." படபடப்பு வர்றப்ப வெளிய வந்து பைப்ப தொறந்து கைய பச்சத்தண்ணில வெச்சு, மூச்ச உள்ள இழுக்குறத விட வெளிய விடுறத நீளமா விட்டு, சுத்தி கண்ணுக்கு தெரியிற அஞ்சு பொருளோட பேர மனசுக்குள்ள சொல்லுங்க. ஸ்டாண்ட், பக்கெட், கிளவுஸ் பாக்ஸ், காலண்டர், செருப்பு. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா நிறைய பேருக்கு வேலை செய்யுது. ரெண்டு நிமிசத்துல அடங்கலன்னா பரவால்ல, அஞ்சு நிமிசம் எடுத்துக்கங்க.

மருந்து டிராலி முன்னாடி

இதத்தான் எல்லாரும் பயப்படுறாங்க, வெளிய சொல்றதில்ல. நோய்ல இருந்து வந்தவங்களுக்கு கொஞ்ச நாள் தலைல பனி மூடுன மாதிரி இருக்கும், பேர் மறக்கும், டோஸ் கணக்கு ஒரு செகண்ட் லேட்டா வரும். வருசக்கணக்கா கைல ஓடுன வேலைல சந்தேகம் வர்றப்ப தன்மேலயே நம்பிக்கை போயிரும், அதுல இருந்துதான் "நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல"ங்கற எண்ணம் ஆரம்பிக்குது.

அதுக்கு வழி, ஞாபகத்த நம்பாம முறைய நம்புறது. உதாரணத்துக்கு இன்சுலினயே பாருங்க. வயல் (மருந்து குப்பி) ஒரு மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டானு லேபிள பாருங்க, அப்பறம் சிரிஞ்ச் மூடிய பாருங்க, 40க்கு சிவப்பு, 100க்கு ஆரஞ்சு. பழைய கையா இருந்தா பாக்காமயே எடுப்போம், இப்போ நின்னு வயலையும் மூடியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, வாய்விட்டு சொல்லுங்க, பக்கத்து ஆள பாக்கச் சொல்லுங்க. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலும் சில கம்பெனில பிளாஸ்டிக்ல ஒரே மாதிரி இருக்கும், ரெண்டும் ஒரே ட்ரேல கெடந்தா முதல் வேலையா பிரிச்சு வைங்க. ஹெப்பாரின், இன்சுலின், பொட்டாசியம் மூணுக்கும் ரெண்டாவது ஆள் செக் பண்ணாம கை வைக்க மாட்டேன்னு முதல் மாசத்துக்கு வெச்சுக்கங்க. உங்களுக்காக மட்டும்னு இல்ல, எல்லாருமே செய்ய வேண்டியதுதான் இது, நீங்க ஆரம்பிச்சா வார்டே பழகிக்கும்.

பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு. ஹேண்ட் ஓவர்ல கேக்குறத எழுதி, எழுதுனத திருப்பி படிச்சுக் காட்டுங்க. போன்ல டாக்டர் சொல்ற ஆர்டரும் அப்படித்தான். யாராவது கிண்டல் பண்ணா பண்ணட்டும்.

இன்னொன்னு, கசப்பா இருந்தாலும் சொல்லணும். மருந்து அலமாரி சாவி நம்ம கைல இருக்கு. தூக்கம் வரலனு ஒரு அல்பிரசோலம், வலிக்குனு ஒரு டிராமடால், யாருக்கும் தெரியாம ஆரம்பிக்கிறது இப்படித்தான், ரெண்டும் பழக்கமாகும், சட்டுனு நிறுத்தவும் முடியாது. நமக்கு நாமே மருந்து எழுதிக்கிறது வேண்டாம், டாக்டர்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். ஏற்கனவே ஆரம்பிச்சுட்டீங்கன்னா ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, சைக்யாட்ரிஸ்ட்கிட்ட நேரா சொல்லுங்க, கொறச்சு கொறச்சு நிறுத்த அவங்களுக்குத்தான் தெரியும்.

முதல் நைட்

நைட்ட எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது, தூக்கம் கெட்டா மனசு முதல்ல கெடும். வந்துதான் ஆகணும்னா தனியா ஒரு நைட் வாங்குங்க, தொடர்ச்சியா வேண்டாம், மறுநாள் ஆஃப் இருக்கட்டும். டியூட்டிக்கு போறதுக்கு முன்னாடி மதியம் ஒரு தூக்கம், நடுராத்திரில முடிஞ்சா இருவது நிமிசம் கண்ண மூடுங்க, அதுக்கு மேல போனா எந்திரிக்கிறப்ப தலை சுத்தும். காலைல வண்டி ஓட்டாதீங்க, அதுலயும் தூக்கம் வர்ற மாத்திரை புதுசா ஆரம்பிச்சுருந்தா கொண்டலாம்பட்டி பைபாஸ்ல ஸ்கூட்டி ஓட்டுற வேலையே வேண்டாம், பஸ்ஸுல போங்க, இல்ல வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க.

பகல்ல தூங்குறது சேலத்துல தனிப் பாடு. வெயில் ஒரு பக்கம், அம்மாபேட்டை மாதிரி ஏரியான்னா பக்கத்து வீட்டு தறி சத்தம் இன்னொரு பக்கம். தறிக்காரங்ககிட்ட போய் நிறுத்தச் சொல்ல முடியாது, அது அவங்க சோறு. காதுக்கு பஞ்சு, ஜன்னலுக்கு கருப்புத் துணி, போன் சைலண்ட். வீட்ல "நைட் முடிச்சு வந்துருக்கா, ரெண்டு மணி வரைக்கும் எழுப்பாதீங்க"னு மாமியார்கிட்டயோ அம்மாகிட்டயோ முன்னாடியே பேசிருங்க, வந்து படுத்தப்பறம் சொன்னா சண்டையாத்தான் முடியும்.

ஏற்காட்டுல வேலை பாக்குறவங்க

கீழ குடியிருந்துட்டு மேல பி.எச்.சிக்கோ (ஆரம்ப சுகாதார நிலையம்) எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கோ போறவங்களுக்கு வேலைக்கு முன்னாடியே ஒரு வேலை, அந்த இருவது கொண்டை ஊசி வளைவு. ஆபரேஷன் முடிஞ்ச வயித்தோட, காது அடைச்சு, வாந்தி வந்து, மேல போய் சேர்றப்பவே பாதி தெம்பு போயிரும். சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ சும்மா போயிட்டு வந்து பாருங்க, முதல் ரெண்டு வாரம் மேலயே தங்க எடம் கெடைக்குமானு கேளுங்க. சுமார் 1500 மீட்டர் உயரம், பனியும் குளிரும் நெஞ்சு சம்பந்தமான நோய் வந்தவங்களுக்கு ஒத்துக்காது, இருமல் வந்தா கூட இருக்குறவங்க பயந்து பாப்பாங்க, அது வேற மனசுக்கு கஷ்டம்.

மேல இருக்குற பெரிய கஷ்டம் தனியா இருக்குறது. சப் சென்டர்ல ஒரே ஒரு வி.எச்.என், பக்கத்துல பேச ஆள் கிடையாது, சிக்னல் கிடையாது, மலை கிராமத்துல பிரசவ வலினு கூப்புட்டா ராத்திரில ஜீப்புல போகணும். "கூட ஒருத்தர்" ஏற்பாடு இவங்களுக்கு போன்லதான். தெனமும் ஒரே நேரத்துல, சிக்னல் கெடைக்கிற எடத்துல நின்னு இன்னொரு சென்டர் சிஸ்டர்கிட்ட பத்து நிமிசம் பேசுறதுன்னு வெச்சுக்கங்க, ஒரு நாள் போன் வரலன்னா அவங்க விசாரிக்கணும். மே மாசம் கோடை விழா சமயம் சேராதீங்க, டூரிஸ்ட் கூட்டம், வளைவுல விபத்துனு அந்த நாட்கள் மூச்சு விட முடியாது.

எப்போ, எங்க உதவி கேக்குறது

வேலைக்கு போற நெனப்பு வந்தாலே ராத்திரி தூக்கம் போறது, பேஷன்ட் மேல எரிச்சல், யாரு செத்தாலும் ஒண்ணுமே தோணாம மரத்துப் போறது, வீட்டுக்கு வந்ததும் யார்கிட்டயும் பேசாம படுத்துக்குறது, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல நின்னுச்சுன்னா போங்க. ஆஸ்பத்திரில "மன அழுத்தத்துக்கு யோகா செய்யுங்கள்"னு போர்டு ஒட்டி வெச்சுருப்பாங்க, யோகா நல்லதுதான், ஆனா ஏழு நைட்ட வரிசையா போட்டுட்டு போர்டு ஒட்டுனா அதுல என்ன இருக்கு.

டெலி மானஸ் 14416. மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசலாம். நைட் டியூட்டி பிரேக்ல கூட கூப்புடலாம். 104லயும் பேசலாம். சாகணும்ங்கற எண்ணம் திட்டமா மாறுதுன்னா போனோட நிக்க வேண்டாம், தனியாவும் இருக்க வேண்டாம், பக்கத்துல இருக்குற கேஷுவாலிட்டிக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) தொணைக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்க, இல்ல 108.

நேர்ல பாக்கணும்னா மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. அங்கயே வேலை பாக்குறவங்களுக்கு ஓ.பி வரிசைல நிக்க சங்கடமா இருக்கும், புரியுது. தர்மபுரிலயும் நாமக்கல்லயும் அரசு மெடிக்கல் காலேஜ் இருக்கு, ஒரு ஆஃப் நாள்ல பஸ் ஏறி போயிட்டு வந்துரலாம், அங்க உங்கள யாருக்கும் தெரியாது. டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்சா சில வாரம் போனாத்தான் வேலை தெரியும், முதல் வாரத்துல வயித்தப் பெரட்டும், அதோட விட்டுட்டு "எனக்கு ஒத்துக்கல"னு சொல்றவங்கதான் நம்ம ஃபீல்டுல அதிகம். பேஷன்ட்டுக்கு சொல்ற அட்வைஸ நாமளும் கேக்கணும்ல.

இன்சார்ஜா இருக்குறவங்க படிச்சா

சேர்றதுக்கு முந்துன நாள் ஒரு போன் போடுங்க, "நாளைக்கு எந்த வார்டு, யாரு கூட"னு சொல்லுங்க, அது போதும் ராத்திரி தூங்க. லாக்கர வேற ஆளுக்கு குடுத்துருந்தா திரும்ப வாங்கி வைங்க. என்ன நோய்னு ஸ்டாஃப் ரூம்ல பேச்சு வந்தா அங்கயே நிறுத்துங்க.

நாலு வாரம் முடிஞ்சப்பறம்

லெட்டர்ல கேட்ட அந்த மீட்டிங்க நீங்களே ஞாபகப்படுத்துங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க. நோட்டுல எந்த நாள் முடியாம போச்சு, எந்த வேலைல தடுமாறுனீங்க, எது இப்போ ஈசியா இருக்குனு ரெண்டு ரெண்டு வரி எழுதி வெச்சுருந்தா அன்னைக்கு பேச சுலபம். நைட் ஒண்ணொண்ணா சேத்துக்கலாமா, இல்ல இன்னும் ஒரு மாசம் வேணுமானு அதுல இருந்தே தெரிஞ்சுரும். ஐ.சி.யூ, கேஷுவாலிட்டி இனிமே ஒத்து வரலன்னா தடுப்பூசி ரூம், ஓ.பி, ஸ்டெரிலைசேஷன், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், டயாலிசிஸ்னு எடம் இருக்கு, சம்பளமோ அலவன்ஸோ கொறையுமானு மட்டும் முன்னாடியே கேட்டுக்கங்க. நிறைய தனியார் ஆஸ்பத்திரில அடுத்த மாச ரோஸ்டர் மாசக் கடைசி வாரத்துல எழுதிருவாங்க, அதுக்கு முன்னாடியே இதையெல்லாம் எழுதுன லெட்டர் போகணும். குடுக்குறப்ப அதோட ஒரு நகல்ல சீல், தேதி வாங்கி வீட்டு பீரோல வைங்க, ஆஸ்பத்திரி லாக்கர்ல வைக்காதீங்க.